விடுப்பில் இருக்கிறேன்

ஞாயிறு, இரவு இரண்டே கால்.
க்ளாய்பேடா துறைமுகத்தில் கிரேன்கள் அசையவில்லை.
மரக்கட்டை ஏற்றும் கம்பெனியின் மூன்றாம் மாடியில்
சர்வரின் விசிறி மட்டும்
இளைப்புக்காரன்போல் இழுத்துக்கொண்டிருந்தது.

ரிமாண்டாஸ்தான் போன் போட்டு எழுப்பினான்.
"யோவிதா, மெயில் போகவே இல்லை.
ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பணும்,
சுங்கத்துக்கு ரசீது போய்ச் சேரலை."
இரவு உடைமேல் கோட்டை மாட்டிக்கொண்டு
சைக்கிளில் வந்தேன்.
குர்ஷ் காயலின் காற்று
கன்னத்தில் அறைந்தது, கடன்காரனைப்போல.

முதலில் நினைவகம்.
எட்டு ஜிபியைப் பன்னிரண்டாக்கினேன்.
விழுங்கிவிட்டு, கடற்காகம்போல்
இன்னும் என்றது.
இணைப்பு வரம்பு நூறை இருநூறாக்கினேன்.
வாசலை அகட்டினால் கூட்டம்தான் கூடும்,
தெரிந்தேதான் செய்தேன்.
வட்டு தொண்ணூற்றேழு சதவீதம்.
பழைய பதிவேடுகளைத் துடைத்தேன்: தொண்ணூற்றைந்து.
தேநீர் ஆறுவதற்குள்
மறுபடி தொண்ணூற்றேழு.

அப்புறம்தான் வரிசையைத் திறந்தேன்
(முதலிலேயே திறந்திருக்க வேண்டும்).
பெட்டியிலும் வழியிலுமாக
நாற்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள்,
தலைப்பு ஒன்றே:
பதில்: பதில்: பதில்: விடுப்பில் இருக்கிறேன்.

கணக்குப் பிரிவு கெஸ்டூடிஸ் சொல்கிறார்
உங்கள் கடிதம் கிடைத்தது, நான் விடுப்பில் இருக்கிறேன்.
எல்லைக்கு அப்பால் லியெபாயா கிளையின் ஆஸ்ட்ரா சொல்கிறாள்
உங்கள் கடிதம் கிடைத்தது, நான் விடுப்பில் இருக்கிறேன்.
அவர் மறுபடி.
அவள் மறுபடி.
வெள்ளி மாலை ஐந்து நாற்பதிலிருந்து
மூன்று நொடிக்கு ஒருதரம்,
போன பதிலையெல்லாம் முதுகில் சுமந்துகொண்டு
ஒவ்வொரு பதிலும் பருத்துக்கொண்டே.

லியெபாயா சர்வர் கிழடு.
'இது இயந்திரம் எழுதியது' என்ற முத்திரையைக்
குத்த மறந்துவிடும்.
என்னுடையது கிழடில்லை.
ஒருவருக்கு ஒரு பதில் போதும் என்ற விதியை
விற்பனைப் பிரிவின் நச்சரிப்புக்காக
அணைத்து வைத்தது நான்.
பக்கத்தில் என் கையால் ஒரு குறிப்பு:
தற்காலிகம். தேதி, போன அக்டோபர்.

விதியை உயிர்ப்பித்தேன்.
தலைப்பைச் சொல்லி அழிக்கச் சொன்னேன்.
ஆலங்கட்டி ஓய்ந்த தகரக் கூரைபோல்
அறை திடீரென்று நிசப்தம்.

ஒரே ஒரு கடிதம் அழியவில்லை.
அதற்குத் தலைப்பில்லை.
ஆஸ்ட்ரா, வெள்ளி, ஐந்து நாற்பது.
இந்தக் கூத்தைத் தொடங்கிவைத்தது அதுதான்.
எடை மிகக் குறைவு,
இரண்டு வரி இருக்கலாம், மூன்றாகவும்.
திறக்கும் சாவி என் கையில்.
எல்லாப் பெட்டிக்கும் சாவி என் கையில்,
பத்து வருடமாக.
கொஞ்ச நேரம் அதன் எடையையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவர் பெட்டியில், படிக்காததாகவே,
விட்டுவிட்டேன்.

ஐந்து பத்துக்கு ரசீது போனது.
"என்னதான் ஆச்சு?" என்றான் ரிமாண்டாஸ்.
"சுற்றல்."
"யாரால்?"
"என்னால்" என்றேன். அதுவும் உண்மைதான்.

கோட்டைப் போடும்போது திரையில் ஒரு வரி ஊர்ந்தது.
ஐந்து முப்பத்தொன்று:
கெஸ்டூடிஸ், உள்நுழைவு, ஒரு கடிதம் படிக்கப்பட்டது.
வந்த இடம்:
லியெபாயா.

படித்துவிட்டு அவர் பதில் எழுதவில்லை.
எழுதத் தேவையில்லாத தூரத்தில்
இருந்திருப்பார்.

கீழே முதல் கிரேன் கழுத்தைத் தூக்கியது.
ரொட்டிக்கடையில் இன்னும் விளக்குப் போடவில்லை.
பதிவேட்டு வரிகள் முப்பது நாளில்
தாமாகவே அழியும்.
நான் எதையும் தொட வேண்டியதில்லை.